சார் எடுத்த டப்பாக்கள்

தேரிக்காட்டு கேரவன் தங்கலில் அந்தப் பருவத்தில் அதிகம் டப்பா எடுத்தவர் ராஜரத்தினம் சார். வாசலில் நிற்கும் மின்பலகை அப்படித்தான் சொன்னது. பச்சை எழுத்தில் அவர் பெயர் எல்லோருக்கும் மேலே ஓடிக்கொண்டிருந்தது. சாரோ தன் வண்டி நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலில் போட்டிருந்த செருப்பைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார்.

இது தங்கலில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் வெளியே விடவில்லை. அதனால் எல்லோரும் தங்கமான மனிதர்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மறைப்பதற்கு ஆளுக்கொரு முழங்காலோ கண்ணோ காதோ இருந்தது. அடுத்தவர் கதையை எடுத்தால் தன் கதையும் கிளம்பும் என்ற பயம், அவ்வளவுதான். மற்றபடி பேச்சில் அங்கே யாரும் சளைத்தவர்கள் இல்லை.

டப்பாக்களை எடுத்தது சாரின் மனைவி தமயந்தி டீச்சர். மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் ஊதி ஊதிக் கன்னம் இரண்டும் இன்னும் லேசாக உப்பியே இருக்கும். தினமும் காலையில் புருஷனுக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்துவிட்டு, புருஷனின் காப்பைத் தன் கையில் மாட்டிக்கொண்டு, புருஷனாகச் செம்மணலுக்குள் இறங்கிவிடுவார்.

டப்பா வேட்டை முதலில் வெறும் பொழுதுபோக்காகத்தான் ஆரம்பித்தது. கடல் தெருவுக்குள் வந்து, வெயில் மண்டையைப் பிளந்து, நகரத்து வீடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கேரவன் வாங்கிய பென்ஷன்காரர்கள் இவர்கள். கோடைக்கு ஜவ்வாது மலை, மார்கழிக்குத் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி. வண்டி தானே ஓடும், தானே நிற்கும், கரண்ட்டையும் வெயிலிலிருந்து தானே பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கிற மனிதருக்குத்தான் வேலை இல்லை. காலையில் பலகாரம், மத்தியானம் தூக்கம், நடுவில் பக்கத்து வண்டியில் என்ன குழம்பு என்று மோப்பம். அதை எவ்வளவு நேரம்தான் செய்ய முடியும்? அப்போதுதான் யாரோ இந்த விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். ஊறுகாய் டப்பா அளவில் ஒன்றை மரப்பொந்திலோ பாறையிடுக்கிலோ ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் புள்ளியைப் போனில் போட்டுவிட வேண்டியது. கூடவே புதிர் மாதிரி ஒரு துப்பு. தேடிப் போகிறவர் டப்பாவைத் திறந்து, உள்ளிருக்கும் சீட்டில் பெயர் எழுதி, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும். கோலிக்குண்டு, சாவிக்கொத்து, குங்குமப் பொட்டலம், எவர் வீட்டுக் கொலுவிலிருந்தோ வந்த தும்பிக்கை இல்லாத யானை. பெறுமானம் ஒன்றும் கிடையாது. அதனால்தான் அது விளையாட்டாக இருந்தது.

வெளிநாட்டுப் பிள்ளைகள் இதைப் பார்த்தார்கள். அப்பா இன்றைக்கு ஒரு டப்பா எடுத்திருக்கிறார், அப்படியானால் நன்றாகத்தான் இருக்கிறார். தனியாக வேறு போன் போட்டுக் கேட்க வேண்டியதில்லை. இந்த நிம்மதிக்கு விலை உண்டு என்று கண்டுபிடித்தது ‘துணை’ என்கிற காப்பீட்டு நிறுவனம். சீட்டை எடுத்துவிட்டு டப்பாவுக்குள் ஒரு மின்சில்லை வைத்தது. ஆளுக்கொரு காப்பைக் கையில் மாட்டியது. காப்பைச் சில்லின்மேல் வைத்தால் எடுத்தவர் பெயர் பதிவாகும். டப்பா எடுக்கிறவருக்குச் சந்தா குறைவு என்று முதலில் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். கொஞ்ச நாள் கழித்து, டப்பா எடுக்கிறவர் தனியாக வாழத் தகுந்தவர் என்றார்கள். அதற்கும் கை தட்டினார்கள். எடுக்காதவர் தகாதவர் என்று சட்டமே வந்தபோது பலருக்குக் கை தட்ட முடியாத அளவுக்கு மூட்டுவலி வந்துவிட்டிருந்தது.

தகாதவரை அவருடைய கேரவனே ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஓய்வகத்துக்குக் கூட்டிப் போய்விடும். ஓய்வகம் என்பது நிறுவனம் வைத்த பெயர். தங்கலில் அதை டெப்போ என்பார்கள்.

டெப்போவில் ஆண்களுக்கு ஒரு கட்டடம், பெண்களுக்கு ஒரு கட்டடம். தகுந்தவர் அங்கே தங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். டீச்சர் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியாரைப் பார்க்கப் போனார். மனிதர் நன்றாகத்தான் இருந்தார். முடி வெட்டி, முகம் மழித்து, துவைத்த சட்டையில் இருந்தார். ஸ்டாஃப் ரூமில் ஒரு டீக்குக்கூடச் சண்டை போட்ட ஆள், இப்போது எதைக் கேட்டாலும் “சரி” என்றார். சாப்பிட்டீர்களா என்றாலும் சரி. என்னைத் தெரிகிறதா என்றாலும் சரி. போய் வருகிறேன் என்றாலும் சரி.

அந்தச் சமயத்தில்தான் ராஜரத்தினம் சார் உப்பு டப்பாவைக் குளியலறையில் வைக்க ஆரம்பித்திருந்தார். டீச்சர் தங்கலுக்குத் திரும்பிய மறுநாள் காப்பு மாறியது.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. குளிக்கிற நேரத்துக்குக் காப்பு கழன்று வரும். பிறகு யார் நாடி கிடைக்கிறதோ அதைத் தன் ஆளுடையது என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும். கிழடுகளின் நாடி நாளொரு மாதிரி அடிக்கும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார்கள். இரண்டையும் ஒரே கையில் போட்டால் மட்டும் கண்டுபிடித்துவிடும். ஆகவே சாரின் காப்பு டீச்சர் கையில், டீச்சரின் காப்பு சார் கையில். ஆரம்பத்தில் டீச்சர் காலையில் சாராகப் போய் ஒன்று, சாயங்காலம் தானாகப் போய் ஒன்று என்று இரண்டு நடை நடந்தார். அப்புறம் சாருக்குச் சாயங்காலம் ஆனால் இருப்புக்கொள்ளாமல் போயிற்று. வெளிச்சம் மங்கியதும் “வீட்டுக்குக் கிளம்பணும், நேரமாச்சு” என்று எழுந்து நடப்பார். எந்த வீடு என்று கேட்டால் பதில் வராது, கோபம் வரும். அந்த நேரத்தில் பக்கத்திலிருந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சாயங்கால நடை நின்றது. டீச்சர் கவலைப்படவில்லை. ஜவ்வாது மலையில் அவர் எடுத்த டப்பாக்களே ஒரு வண்டி தேறும். தன் பெயரில் அது போதாதா என்று நினைத்தார்.

தேரியில் நடப்பது நடை இல்லை. ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னே இழுக்கும் மணல். காற்று அடித்தால் மேடு தள்ளிப் போகும். நேற்று பனை முழுதாகத் தெரிந்த இடத்தில் இன்று தலை மட்டும் தெரியும். புள்ளி காட்டுகிற இடத்துக்குப் போய் நின்றால் டப்பா காலுக்குக் கீழே ஓர் ஆள் ஆழத்தில் இருக்கும், இல்லாவிட்டால் முந்திரிக் கொல்லாமரத்துக்கு அந்தப் பக்கம் உருண்டு கிடக்கும். இந்த அழகில் துப்பு வேறு. துப்புகளை எழுதுபவர் கீழ்ப்பாக்கத்துப் பென்ஜமின். தங்கலில் டப்பா ஒளிக்கும் பொறுப்பு அவருடையது. ‘இரண்டு தலைக்காரன் காலடியில் இருக்கிறேன், முள்ளுக்காரி மடியில் இல்லை’ என்று எதையாவது எதுகை மோனையில்லாமல் எழுதிவிட்டு, கவிதை எப்படி என்று பத்துப் பேரிடம் கேட்பார். இரண்டு தலைக்காரன் என்றால் கிளை விட்ட பனை, முள்ளுக்காரி உடைமரம். டீச்சர் கிளைப் பனையடியில் மண்டியிட்டு, ஒரு கை மணலை அள்ள இரு கை மணல் சரிய, கடைசியில் டப்பாவைத் தொடுவார். காப்பை வைத்ததும் ‘பீப்’ என்று ஒரு சத்தம். வாழ்த்துகள் ராஜரத்தினம் என்று எழுத்து வரும். அந்த எழுத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பார். எழுந்திருக்கத் தெம்பு வர வேண்டுமே.

இந்த நேரத்தில் சாரைப் பார்த்துக்கொள்வது தெய்வானை. அடுத்த வண்டி, ஊர் பொள்ளாச்சி, தனி ஆள். தங்கலின் செய்தி நிலையம் என்றால் அது அவள் வண்டிதான். யார் மருமகள் யாரோடு பேசுவதில்லை, யார் வண்டியில் டாக்டர் தடுத்த கருவாடு பொரிகிறது, எல்லாம் அங்கே கிடைக்கும். காப்பு மாறிய இரண்டாம் நாளே கண்டுபிடித்தவள் அவள். நேரில் வந்து கேட்டும்விட்டாள். டீச்சர் மறைக்கவில்லை, காலையில் கொஞ்சம் அவரைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேட்டார். தெய்வானை உடனே ஒத்துக்கொண்டாள். நல்ல மனசுதான். அதோடு அந்த வண்டிக்குள் உட்கார்ந்து அலமாரிகளைச் சாவகாசமாகப் பார்க்கிற வாய்ப்பையும் அவள் வேண்டாம் என்று சொல்லக்கூடியவள் இல்லை.

‘துணை’ காப்பை மட்டும் நம்பவில்லை. அக்கம்பக்கத்தையும் விசாரிக்கும். மாதம் ஒரு முறை ஒவ்வொரு வண்டியின் ஒலிபெருக்கியும் கனிவான குரலில் பக்கத்து வீட்டாரைப் பற்றிக் கேட்கும். மற்றவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்வார்கள். தெய்வானைக்கு அப்படி முடிக்கத் தெரியாது. பிறந்ததிலிருந்து யாரும் அவளை முழுதாகப் பேச விட்டதில்லை. பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டு எழுந்து போனவர்களைத்தான் பார்த்திருக்கிறாள். இந்த எந்திரமோ ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் பொறுமையாக “அப்புறம்?” என்றது. அப்புறம் என்று கேட்டால் அப்புறம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

ராஜரத்தினம் அண்ணா விடிகாலையிலேயே கிளம்பிவிடுகிறார் என்றாள். வாலிபப் பிள்ளை மாதிரி மணலில் ஏறி இறங்குகிறார் என்றாள். அப்புறம்? டீச்சரக்காதான் பாவம், நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். அப்புறம்? கேட்டதையே கேட்கிறார், செருப்பைத் தேடுகிறார், சாயங்காலம் ஆனால் வீட்டுக்குப் போகணும் என்கிறார். அண்ணாதான் பொறுமையாகக் கையைப் பிடித்து உட்கார வைக்கிறார். காப்புகள் சொல்கிற கதைக்கு வாய்ப்பேச்சும் ஒத்துப்போக வேண்டாமா என்று அவள் யோசித்தாள். பொய்யை வெறுமையாகச் சொல்லக் கூடாது, நிஜத்திலிருந்து நாலு சாமானை எடுத்து அதற்குள் வைக்க வேண்டும் என்பது அவளுக்குக் கைவந்த வேலை. ஆளை மட்டும் மாற்றினாள். மற்றதெல்லாம் கண்ணால் கண்டது.

பென்ஜமின்தான் முதலில் வந்து சொன்னார். ஒரு காலையில் டீச்சர் மணலிலிருந்து ஏறி வரும்போது வாசலில் நிறுத்தினார்.

“டீச்சர், பலகைல உங்க பேரப் பாத்தீங்களா?”

“அவரு பேரு மேல இருக்குல்ல. அது போதும்.”

“நான் உங்க பேரக் கேக்குறேன். கீழருந்து தேடுனா சீக்கிரம் கெடைக்கும்.”

“மலையில நான் எடுத்ததெல்லாம் எங்க போச்சு?”

“எங்கயும் போகல. அதான் வில்லங்கம். எத்தன எடுத்தீங்கன்னு அது பாக்காது டீச்சர். எப்படி இருந்தவங்க எப்படி ஆய்ட்டாங்கன்னு பாக்கும். என்னையே எடுத்துக்குங்க, நான் என்னைக்குமே சோம்பேறி. என் கோடு தரையோட தரையா போவுது. அதுக்கு என்னைப் பாத்தா பயமே இல்ல. உங்க கோடு மலை உச்சியில இருந்து விழுந்துக்கினு இருக்குது.”

டீச்சர் பலகையைப் பார்த்தார். பல வருஷம் பள்ளி மைதானத்தில் மற்றவர்கள் பெயரைத்தான் வரிசைப்படுத்தியிருக்கிறார். தன் பெயர் ஆரஞ்சு நிறத்தில், நிற்கலாமா விழலாமா என்று மினுங்குவதை அன்றுதான் பார்த்தார்.

அன்று மத்தியானமே தன் காப்பை மாட்டிக்கொண்டு இரண்டாம் தடவை இறங்கினார். மணல் கொதித்தது. புள்ளி காட்டிய இடத்தில் மேடுதான் இருந்தது. தோண்டினார். சரிந்தது. மறுபடி தோண்டினார். பிறகு கொல்லாமரத்தடியில் படுத்துவிட்டார். படுத்தது மட்டும் நினைவிருக்கிறது; எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஓட்டமும் நடையுமாக வந்தால் தங்கலே வெளியில் நின்றது. சார் வேலியைத் தாண்டித் தார்ச்சாலை வரைக்கும் போய், வந்த லாரியைக் கை காட்டி நிறுத்தி, மதுரைக்கு ஒரு டிக்கெட் கேட்டிருக்கிறார். தெய்வானை அவர் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டே கூட ஓடியிருக்கிறாள்.

டீச்சர் அதற்குப் பிறகு மத்தியானம் இறங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை டீச்சரின் பெயர் சிவப்பானது. அடுத்த அரை மணியில் மெல்போர்னிலிருந்து மகள் அருணா போனில் வந்தாள். திரையில் அழுத முகம்.

“ஏம்மா, ஒடம்பு இப்படி ஆயிருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? அப்பா பாவம்மா. அந்த வயசுல உன்னையும் பாத்துக்கிட்டு, தெனமும் நடந்து... அவரு எங்கிட்ட ஒரு நாள்கூட உன்னப் பத்திக் குறை சொன்னதில்ல.”

சார் மகளிடம் எதைப் பற்றியும் சொல்லி வெகு காலமாயிற்று. அவள் பேசினால் சிரிப்பார்; அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாள் போல. டீச்சர் திரையைப் பார்த்தபடி இருந்தார். உண்மையைச் சொல்லலாம். இந்தப் பேச்சை ‘துணை’யும் கேட்டுக்கொண்டிருந்தது. சொல்லி முடிப்பதற்குள் எதிரில் உட்கார்ந்து வாழைப்பழத்தைத் தோலோடு கடித்துக்கொண்டிருப்பவரின் பெயர் சிவப்பாகிவிடும். சொல்லாவிட்டால் இவர் இந்த வண்டியில் தனியாக இருப்பார், பச்சை எழுத்தில், அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாமல். அப்படியும் போக முடியாது, இப்படியும் போக முடியாது. கடைசியில் வாயில் வந்தது ஒன்றுதான்.

“நீ சாப்ட்டியாடி?”

கேட்டதற்கு அருணா இன்னும் அழுதாள். சம்பந்தமில்லாமல் பேசுகிறாளாம் அம்மா.

மறுநாள் ‘துணை’யிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஜெபராணி என்று பெயர்; தூத்துக்குடிக்காரி; கையில் சிலேட்டு மாதிரி ஒரு திரை. வண்டிக் கதவைத் திறப்பதும் சாத்துவதும் இனி அந்தத் திரையிலிருந்துதான். தங்கலில் ஒருவருக்கும் அன்று வேலை இல்லை போலிருக்கிறது. எல்லோரும் டீச்சர் வண்டியைச் சுற்றிக் கொடியில் துணி காயப் போட்டார்கள். தெய்வானை காயப் போடத் துணிகூட எடுக்காமல் நேராக உள்ளே வந்து நின்றாள். முந்தின நாள் முழுக்க அவள் யாரிடமும் பேசவில்லை என்பதைத் தங்கல் கவனித்திருந்தது.

ஜெபராணி நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். மேல் நடவடிக்கைக்கு முன்னால் ஒரு மறுதேர்வு கேட்கலாம். டீச்சர் தன் கண் எதிரில் ஒரு டப்பா எடுத்துக் காட்டினால் போதும் என்றாள். டீச்சருக்கு அது ஒரு மூச்சு வேலை. ஆனால் எடுத்துக் காட்டியபின் எந்திரம் சும்மா இருக்காது. இவ்வளவு நன்றாக எடுக்கிறவர் ஏன் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தார், அப்படியானால் நடந்தது யார் என்று பழையதையெல்லாம் கிண்டும். டீச்சர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

இப்போது பாக்கி இருந்தது துணைவரின் சம்மதம். ஜோடியாக இருந்தால், தகுந்தவர் ஒப்புக்கொண்டால்தான் தகாதவரைக் கூட்டிப் போகலாம். அது சட்டம். பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடுவார்கள். ஜெபராணி திரையைச் சார் முன்னால் வைத்தாள்.

“சார், அம்மாவ நாங்க நல்லா பாத்துக்கிடுவோம். நீங்க படிச்சுப் பாத்துட்டு ஒரு கையெழுத்து மட்டும் வச்சுத் தாங்க.”

ராஜரத்தினம் சார் சார்பதிவாளராக இருந்தவர். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எத்தனையோ பேருடைய வயலும் வீடும் அவர் மேஜையில் கை மாறியிருக்கின்றன. கையெழுத்து என்ற சொல் காதில் விழுந்ததும் முதுகு நிமிர்ந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கண்ணாடி கேட்டார். திரையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தார்.

“பார்ட்டி வந்திருக்காங்களா?”

டீச்சர் எழுந்து மேஜைக்கு எதிரே போய் நின்றார்.

“நிக்க வேணாம், ஒக்காருங்கம்மா. பேரு?”

“தமயந்தி.”

“புருஷன் பேரு?”

“ராஜரத்தினம்.”

“அவரு வரலையா?”

டீச்சர் ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தார். முப்பது நாற்பது வருஷமாகப் பார்க்கிற முகம். அதில் அலுவலக மரியாதை மட்டும் இருந்தது.

“வெளிய போயிருக்காருங்க. டப்பா எடுக்க.”

சார் தலையசைத்தார். வராத புருஷன்மார்களை நிறையப் பார்த்தவர்.

“இதுல எழுதியிருக்கிறது உங்களுக்குத் தெரியும்ல? யாரும் மெரட்டிக் கூட்டியாரலயே? சொல்லுங்கம்மா, சம்மதந்தானா?”

கேள்வி நியாயமானது. அதுவரைக்கும் அதை யாரும் டீச்சரிடம் கேட்டிருக்கவில்லை. கேட்டபிறகுதான் அவருக்கே தெரிந்தது, சம்மதம் என்று சொல்ல எவ்வளவு ஆசை இருக்கிறது என்று. அங்கே கட்டில் இருக்கும். மணல் இருக்காது. யாரோ சமைத்ததை யாரோ கொண்டுவந்து வைப்பார்கள். சாயங்காலம் யார் கையையும் பிடிக்க வேண்டாம். ‘சரி’ என்று சொன்னால் போதும், எல்லாவற்றுக்கும். கணக்கு வாத்தியார் அவ்வளவு லேசாக உட்கார்ந்திருந்ததன் அர்த்தம் இப்போது புரிந்தது. மனிதர் நன்றாகத் தூங்கியிருந்தார்.

சார் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. கையெழுத்துப் போட வந்தவர்கள் தயங்குவது அவருக்குப் பழக்கம்.

“சம்மதமில்லங்க,” என்றார் டீச்சர்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். திரையை ஜெபராணி பக்கம் தள்ளினார்.

“பார்ட்டிக்குச் சம்மதமில்ல. பதிய முடியாது. எடுத்துட்டுப் போங்க.”

வெளியே கொடிகளில் துணி அசையாமல் நின்றது. ஜெபராணி அவரைப் பார்த்தாள். அப்புறம் டீச்சரைப் பார்த்தாள். டீச்சரின் குதிகால் வெடிப்புகளில் செம்மண் ஏறியிருந்தது. சாரின் பாதங்கள் குழந்தை பாதம் மாதிரி இருந்தன. திரையில் ராஜரத்தினம் என்ற பெயர் பச்சையாக, முழுத் தகுதியோடு இருந்தது. கண்ணால் கண்டதை எழுத அதில் இடம் இல்லை. அவள் ‘துணைவர் மறுத்தார்’ என்ற கட்டத்தைத் தொட்டாள். உடனே அதற்கான விதி திரையில் வந்தது. அதை அவள் வாய்விட்டுப் படித்தாள்.

தகாதவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் துணைவர், தன் பங்கோடு அவர் பங்கையும் சேர்த்து எடுக்க வேண்டுமாம். பார்த்துக்கொள்ள உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று தெரிய வேண்டும் அல்லவா? இன்றிலிருந்து ராஜரத்தினம் சாருக்குத் தினம் இரண்டு டப்பா.

போகும்போது படியில் நின்று ஜெபராணி தாழ்ந்த குரலில் சொன்னாள். “சார வெயிலுக்கு முன்னாடியே போயிட்டு வந்துரச் சொல்லுங்கம்மா. மணல் சுடும்.” சொன்னவள் சாரைப் பார்க்கவில்லை, டீச்சரின் காலைப் பார்த்தாள்.

அவள் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனதும் தங்கல் காய்ந்த துணியையும் காயாத துணியையும் அள்ளிக்கொண்டு கலைந்தது. தெய்வானை மட்டும் போகவில்லை. எந்திரத்திடம் தான் அளந்ததையெல்லாம் சொல்லி அழுது மூக்கைச் சிந்திவிட்டு, தன் காப்பை அண்ணா கையில் போட்டுவிட்டு அண்ணா காப்போடு தான் ஒரு நடை போய் வருவதாகச் சொன்னாள். டீச்சர் மறுத்தார். இன்றைக்கு உன் காப்பு உட்கார்ந்தால், நாளைக்கு உன் கோடு விழும்; அதற்கப்புறம் உனக்காக நடப்பது யார் என்று கேட்டார்.

“அப்ப நான் என்னதான் பண்றதுங்க டீச்சரக்கா?”

“அடுத்த மாசம் அது கேக்கறப்ப ஒண்ணும் சொல்லாத. நல்லா இருக்காங்கன்னு மட்டும் சொல்லிட்டு வாய மூடிக்க.”

தெய்வானை நிஜமாகவே யோசித்தாள்.

“அது மட்டும் முடியாதுங்க்கா. வேணும்னா உங்களப் பத்தி நல்லதாச் சொல்லிப்போடறேன். பேசாம எப்படிங்க இருக்கறது?”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு செலவாயிற்று. நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். நாளைக்கு இரண்டு நடை. ஒன்று விடிவதற்கு முன், ஒன்று விடிந்தவுடன். பென்ஜமினிடம் சொல்லி, ஒன்றையாவது வேலிக்குப் பக்கத்தில் ஒளிக்கச் சொல்ல வேண்டும். கவிதை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் செய்வார்.

வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. சார் இன்னும் மேஜையை விட்டு எழவில்லை. வழக்கமாக வீட்டுக்குக் கிளம்பும் நேரம், இன்று கிளம்பவில்லை. எதையோ முடிக்காமல் விட்டதுபோல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு அம்மா வந்திருந்துச்சு,” என்றார் சார். “பாவம், ரொம்ப அலுத்துப்போய் இருந்துச்சு. அது புருஷன் வந்துட்டானா?”

“வந்துக்கிட்டே இருக்காரு,” என்றார் டீச்சர். “வந்துருவாரு.”